டிராமின் முகமும் தரையும்

பிரான்சில் டிராம் வண்டிகளின் அழகைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது முகப்பைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. பட்டுக்குப் பேர்போன லியோனின் வண்டியில் பட்டுப்புழு தெரிகிறதா, ஷாம்பெயின் மதுவுக்குப் பேர்போன ரெய்ம்ஸின் வண்டியில் ஷாம்பெயின் கோப்பை தெரிகிறதா, துறைமுக நகரமான மார்செய்யின் வண்டி கப்பலின் முன்பக்கத்தைப் போல இருக்கிறதா என்று வாதிடுவதில் ஒரு சுவை உண்டு. நானும் அதில் கலந்துகொள்பவன்தான். இருந்தாலும், இந்த நாட்டில் பல ஆண்டுகளாக டிராமில் வேலைக்குப் போய்வருபவன் என்ற முறையில், ஒரு வண்டியின் வடிவமைப்பை அதன் தரையின் உயரத்தையும் ஜன்னலின் அளவையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று சொல்வேன். ஊருக்கென்று ஓர் அடையாளம் வேண்டுமானால் அதை வண்ணமே தந்துவிடும்.

இதைத் தொடக்கத்திலேயே சரியாகப் பிடித்துக்கொண்ட நகரம் ஸ்ட்ராஸ்பூர்க். பழைய டிராமை 1960இல் மூடிவிட்ட அந்த நகரத்தில், 1980களில் ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ஒன்றை நிலத்தடியில் அமைக்கும் திட்டம் இருந்தது. மெட்ரோவா, டிராமா என்ற கேள்வி 1989 நகராட்சித் தேர்தலில் பெரிதாக எழுந்தது. டிராமை முன்வைத்த கத்ரின் த்ரோத்மான் மேயரானார். கார்கள் ஓடிக்கொண்டிருந்த தெருக்களைப் பிடுங்கித் தண்டவாளத்துக்குக் கொடுக்கப்போகிற ஒரு நிர்வாகம், கடைக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களும் முகம் சுளிக்காதபடி ஒரு வண்டியைக் கொண்டுவந்தாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. அப்படி 1994 நவம்பரில் ஓடத் தொடங்கியதுதான் யூரோடிராம்.

அந்த வண்டியில் நீளமான பகுதிகளும் குட்டையான பகுதிகளும் மாறி மாறி வரும். நீளமானவற்றின் கீழே சக்கரமே கிடையாது. குட்டையானவற்றின் கீழே மட்டுமே சக்கரங்கள் உண்டு, அவற்றிலும் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் அச்சு இல்லை. அச்சு இல்லாததால் நடைபாதை வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படியே இல்லாமல் ஒரே மட்டத்தில், தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் உயரத்தில் போகிறது. இதோடு, இடுப்புக்கும் கீழே இறங்கிவரும் பெரிய கண்ணாடி ஜன்னல்களையும் சேர்த்துப் பாருங்கள். இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் கண் வண்டியின் தரையிலிருந்து சுமார் 1.20 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதோடு 35 சென்டிமீட்டரைக் கூட்டினால் தெருவில் நடந்து போகிறவரின் கண்மட்டம் வந்துவிடுகிறது. ஓம் த ஃபேர் நிறுத்தத்தில், அந்த வட்டமான கண்ணாடிக் கூரையின் கீழே வண்டி நிற்கும்போது, உள்ளே இருப்பவரும் வெளியே காத்திருப்பவரும் ஒரே தளத்தில் இருப்பதைப் போலத் தோன்றுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அதே பயணி ஒரு பேருந்தில் அமர்ந்திருந்தால் ஊரை மேலிருந்து பார்ப்பார். மெட்ரோவில் என்றால் ஊரையே பார்க்க மாட்டார்.

தாழ்தளத்தை ஏதோ ஒரு நாகரிகப் போக்காக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரான்சில் டிராமின் மறுபிறப்பு 1985இல் நாந்த் நகரில் நடந்தது. அந்த வண்டிகளில் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அடுத்ததாக 1987இல் வந்த கிரனோபிளில், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் விடாமல் போராடியதால்தான் சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும்படி தாழ்தள வண்டி வடிவமைக்கப்பட்டது. நாந்த் பின்னர் தன் வண்டிகளின் நடுவில் தாழ்தளப் பகுதி ஒன்றைப் புதிதாகச் செருகிக்கொண்டது. ஒரு வண்டியை நடுவில் வெட்டித் திருத்த வேண்டியிருந்தது என்பதே, அழகுக்கும் முன்னால் எதை யோசித்திருக்க வேண்டும் என்பதற்குப் போதிய சான்று.

இனி மூக்குக்கு வருகிறேன். டிராமின் முனை குறுகிப் போவதற்குப் பெரும்பாலும் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: வளைவில் திரும்பும்போது முதல் சக்கரத் தொகுதிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தண்டவாளத்தை விட்டு வெளிப்பக்கமாக வீசும். பக்கத்தில் நிற்கும் கம்பத்தையோ எதிர்த் தடத்து வண்டியையோ அது உரசாமல் இருக்க வேண்டுமானால் முனையைக் குறுக்கத்தான் வேண்டும். அந்தக் குறுக்கத்தின் மேல் ஊருக்கு ஏற்ற முகமூடி ஒன்றை மாட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் சட்டகம் பல ஊர்களுக்கும் பொது. வெளியே தெரியும் முகம் மட்டும் தனியாக வார்க்கப்பட்ட ஓடு. 2011இல் வந்த ரெய்ம்ஸின் வண்டி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: புகைப்படத்தில் பளிச்சென்று இருக்கிறது, கோப்பை என்று யாராவது சொன்ன பிறகு கோப்பையாகவும் தெரிகிறது, ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டால் ஷாம்பெயினும் இல்லை, ரெய்ம்ஸும் இல்லை. 2007இல் வந்த மார்செய்யின் வண்டியை நான் அதற்கு மேலே வைப்பேன். கப்பல் முகப்பு அதற்குக் காரணமில்லை; உள்ளே காவி நிறச் சுவர்களும் மர இருக்கைகளும் மரத் திரைகளும் வைத்து, வெயில் கொளுத்தும் ஒரு துறைமுக நகரத்துக்கு என்ன வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஊருக்கென்று செய்த உருவம் ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு முலூஸ் நகரம் ஒரு வேடிக்கையான விடை தந்திருக்கிறது. 2006இல் டிராம் தொடங்கிய அந்த நகரம் தேவைக்கு மேல் வண்டிகளை வாங்கிவிட்டதால், மஞ்சள் நிற வண்டிகளில் 5 மட்டும் 2008இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்கு வாடகைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்குள்ளவர்கள் அந்த மஞ்சளைப் பார்த்து அவற்றை ‘பம்பிள்பீ’ என்று ஒரு மஞ்சள் வண்டின் பெயரால் செல்லமாக அழைத்தார்கள். பின்னர் அந்த மாநில அரசு அவற்றை விலைக்கே வாங்கிவிட்டது. முலூஸின் அடையாளம் எந்தச் சிரமமும் இல்லாமல் மெல்பர்னின் அடையாளமாகிவிட்டது.

வண்ணத்தின் வலிமையைப் பார்க்க வேண்டுமானால் மோன்பெலியேவுக்குத்தான் போக வேண்டும். பல ஊர்களும் வாங்கிய சித்தாதிஸ் வகை வண்டியையே அந்த நகரமும் வாங்கியது. 2000இல் திறந்த முதல் தடத்துக்கு எலிசபெத் கருஸ்த், மத்தியா போனெத்தி என்ற இரு வடிவமைப்பாளர்கள் அடர்நீலத்தில் வெள்ளைத் தகைவிலான் குருவிகளைப் பறக்கவிட்டார்கள். 2006இல் வந்த இரண்டாம் தடத்துக்கு அவர்களே செம்மஞ்சளில் பூக்களை வரைந்தார்கள். 2012இல் மூன்றாம், நான்காம் தடங்களை ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லக்ருவாவிடம் கொடுத்தார்கள். கடற்கரைப் பக்கமாகப் போகும் மூன்றாம் தடத்தில் கடல்வாழ் உயிர்களும் நான்காம் தடத்தில் பொன்னிறமும் வந்தன. சேன் ரோக் ரயில் நிலையத்தின் முன்னே நின்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பயன் புரியும். எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தையும், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பாட்டியும், பிரெஞ்சு மொழி இன்னும் பிடிபடாத புதிதாக வந்தவரும், வண்டி தூரத்தில் திரும்பும்போதே தம்முடையதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கண்ணைப் பறிக்கிறது, சற்று அதிகம்தான் என்று குறைப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. பொன்னிறத்தைப் பொறுத்தவரை அவர்களோடு எனக்கும் உடன்பாடுதான். நீலக் குருவிகளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரே முகம் எல்லா ஊருக்கும் போதும் என்ற எதிர்வாதத்துக்கும் வலு இருக்கிறது. செக் நாட்டின் தாத்ரா டி3 வண்டியை வடிவமைத்தவர் பிரான்டிசெக் கர்தாவுஸ். 1960களில் தொடங்கி ஏறக்குறைய 14 ஆயிரம் வண்டிகள் செய்யப்பட்டு, செக்கோஸ்லோவாக்கியா முதல் சோவியத் ஒன்றியம் வரை ஒரே உருண்டை முகத்தோடு ஓடின. அப்படியிருந்தும் சிவப்பும் பாலேடு நிறமும் பூசிய அந்த வண்டியைக் கண்டால் நம் நினைவுக்கு வருவது பிராகா நகரம்தான். செலவைக் குறைக்கவென்றே குட்டையான வண்டிகளை வாங்கிய பிரெஞ்சு நகரமான பெசான்சோன், 2014இல் பச்சை கலந்த நீலத்தைப் பூசி, அந்த ஊரோடு தொடர்புடைய பெரியவர்களின் பெயர்களை வண்டிகளுக்குச் சூட்டியதோடு நிறுத்திக்கொண்டது. அங்கே பிறந்த விக்தோர் யூகோவுக்கும் ஒரு வண்டி உண்டு. அதுவே போதுமானதாக இருக்கிறது.

வண்டியின் தோற்றம் வண்டியோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்தோ நகரம் தன் பழைய மாளிகைகளுக்கு முன்னால் மின்கம்பிகள் தொங்கக் கூடாது என்று முடிவெடுத்து, 2003இல் தரையில் பதித்த நடுத்தண்டவாளம் வழியாக மின்சாரம் கொடுத்தது. வண்டி மேலே நிற்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும். வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடும். தொடக்கத்தில் அது அடிக்கடி மக்கர் செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டது, பிறகு தேறிவிட்டது. நம்மவர்கள் பலர் வேலை செய்யும் துபாயில் 2014இல் வந்த டிராம் முழுத் தடத்திலும் ஓடுவது இந்த முறையில்தான். 2007இல் நீஸ் நகரமோ, மசேனா, கரிபால்டி ஆகிய இரு சதுக்கங்களைக் கடக்கும்போது மட்டும் வண்டியை மின்கலத்தில் ஓட வைத்தது. தலைக்கு மேலே கம்பி இல்லாத ஒரு சதுக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், வண்டியின் மூக்கைப் பற்றிய விவாதம் சின்னதாகிப் போகும்.

இத்தனைக்கும் மேலே என்னைக் கோபப்படுத்துவது விளம்பர உறை. நான் தினமும் போகும் தடத்தில் சில வண்டிகளை, ஜன்னலும் விடாமல், விளம்பரப் படலத்தால் முழுக்கச் சுற்றிவிடுகிறார்கள். கண்ணாடியின் மேல் ஒட்டும் பகுதியில் பொடித் துளைகள் இருப்பதால் உள்ளிருந்து பார்க்கலாம் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். வெயிலில் ஊர் முழுவதும் புள்ளி புள்ளியாகச் சாம்பல் பூத்துத் தெரியும். மழை பெய்தால் துளைகளில் நீர் தங்கிக்கொண்டு அடுத்த நிறுத்தம் எது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. நடப்பவரின் கண்மட்டத்துக்கு ஜன்னலைக் கொண்டுவர அத்தனை பொறியாளர்கள் உழைத்த பிறகு, அதே ஜன்னலைச் சில வாரக் கட்டணத்துக்காக மூடுவதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. வருமானம் தேவைதான், மறுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே உள்ள பலகைகளை வாடகைக்கு விடட்டும், கூரையின் ஓரத்தையும் விடட்டும். கண்ணாடியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.