நாம் கும்பிடுவது தேவனையா, துரையையா?

போன ஞாயிறு ஆராதனையில் தேவனுடைய குணாதிசயங்களைப் பற்றிப் பிரசங்கம். பேசியவர் பெயர் வேண்டாம், நல்ல மனுஷன். "தேவனுக்கு ஒரு கையில் அன்பு, மறு கையில் நீதி. இந்தக் கையை நம்பி அந்தக் கையை மறந்துவிடாதீர்கள்" என்றார். பின்வாங்கில் இருந்த எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய பழைய துரை. பண்டிகை அட்வான்ஸ் தருகிற கையும் அவருடையதுதான், வேலைநாள் பதிகிற செக்ரோலில் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போடச் சொல்கிற கையும் அவருடையதுதான்.

அதிலிருந்து மண்டைக்குள் ஓடுவதை எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, தேத்தண்ணி ஊற்றிவைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். ஜெபம் பண்ண முழங்கால் போட்டதும் குரல் மாறிவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் துரை வந்து நின்றால் வருமே, அந்தக் குரல். "ஆண்டவரே, தப்பெல்லாம் எங்க மேலதான், பெரிய மனசு பண்ணுங்க." என்னம்மா தப்பு என்று ஒருநாள் கேட்டேன். "பெரியவங்ககிட்ட அப்புடித்தான்டா பேசணும்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்ய? 1854இல் கண்டியை மையமாக வைத்து தோட்டத்துத் தமிழ்ச் சனத்துக்குச் சுவிசேஷம் சொல்ல தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோதே தோட்டத்துரைமாரின் ஆதரவு அதற்கு இருந்தது. டிக்கோயாவில் உள்ள வார்லி தேவாலயம் கட்டியது 1878. அதுவும் துரைமார் காலத்துக் கட்டடம்தான். மிஷனரிமார் நமக்குப் பள்ளிக்கூடமும் தந்தார்கள், அதை மறந்தால் நன்றி கெட்டவனாவேன். ஆனாலும் சுவிசேஷத்தோடு சேர்ந்து துரையின் முகமும் நம் ஜெபத்துக்குள் வந்து குந்திக்கொண்டது. எப்போது கோபம் வரும் என்று தெரியாது, நேரம் பார்த்துத்தான் கேட்க வேண்டும், கொடுத்தால் அது தயவு.

பழைய காலத்துச் சபை அறிஞர்களான அகஸ்தீனும் தாமஸ் அக்குவினாஸும் வேறுவிதமாகச் சொன்னார்கள். தேவன் பகுதிகள் சேர்ந்து உண்டானவர் அல்ல. எனக்குக் கோபம் வருகிறது, போகிறது. வந்தாலும் போனாலும் நான் நான்தான். அவரிடம் அப்படிப் போட்டுக் கழற்றுகிற குணம் ஒன்றுமில்லை. அவர் நீதி செய்யும்போது அன்பு ஓரமாய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை. யோவான் "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று எழுதியதும் அதனால்தான். இரண்டு கை உவமை அங்கேயே உடைந்துவிடுகிறது.

யாத்திராகமம் 34ஐ எடுத்துப் பாருங்கள். பொன் கன்றுக்குட்டி விவகாரம் முடிந்த கையோடு தேவன் தம்மைத் தாமே அறிமுகப்படுத்துகிறார். முதலில் வருவது வல்லமை இல்லை; இரக்கம், கிருபை, நீடிய சாந்தம். இந்த நீடிய சாந்தத்துக்கு எபிரெயத்தில் உள்ள சொல்லைப் பிரித்தால் 'மூக்கு நீண்டவர்' என்று வரும்! நாம் முன்கோபக்காரனை 'மூக்குக்கு மேல கோபம்' என்கிறோம் இல்லையா, அதற்கு நேர் எதிர். எனக்குத் தெரிந்த துரைமார் யாருக்கும் அப்படியொரு மூக்கு வாய்க்கவில்லை.

"அடுத்த வசனத்தில் குற்றவாளியை விடமாட்டார் என்றும் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. அது யாருக்குப் பயம்? அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதில் விழுந்தது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வர 2021 ஆனது. அதுவரை காத்துக்கிடந்த சனத்துக்கு தேவநீதியைக் காட்டிப் பயமுறுத்துவது எந்த ஊர் நியாயம்? கூலி பிடிக்கப்பட்டவனுக்கு நீதிதானே இரக்கம்.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத்துச் சனம் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. அதையும் 'தேவகோபம்' என்று சொன்ன வாய்களை என் காதால் கேட்டேன். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனம் அதே லயத்தில்தான் இருந்தது. மனுஷன் செய்யாமல் விட்டதைத் தேவனுடைய குணத்தில் எழுதுவது அவர் மேல் பழி போடுவது. சர்வவல்லவர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறேன். அந்தக் கேள்விக்கு மேடையில் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஞாயிறு பின்னேரம் அம்மாவுக்கு ஆதியாகமம் 16 வாசித்தேன். எல்லாம் அறிந்தவர் என்றால் கொழுந்து நிறுக்கும் இடத்தில் முறைத்துப் பார்க்கிற கணக்கப்பிள்ளை மாதிரி இல்லை என்று காட்டத்தான் வாசித்தேன். வனாந்தரத்துக்கு ஓடிப்போன ஆகார், வேலைக்காரி, வயிற்றுப்பிள்ளைக்காரி. அவள்தான் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவருக்குப் பெயர் வைத்தாள். அம்மா அந்த இடத்தில் உருகிப்போவார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் இரு. அதுக்கு முந்தி என்னமோ வாசிச்சியே, திரும்பவும் அதே வீட்டுக்கா போகச் சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அடிபட்டு ஓடியாந்த புள்ளைய?" படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அது என்ன நியாயம்? இன்னைக்கி ராத்திரி நானே கேக்குறேன் அவருகிட்ட."

பிரட்டுக்களத்துக் குரலைக் காணோம்.