கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைப் படியுங்கள்
ஊர்ப் பிரச்சினை என்றால் "கிராம சபைக்குப் போங்கள்" என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். போனால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு உண்டு: ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் சேராத ஊர்களில்தான் கோளாறே. கூட்டம் கலைந்த பிறகு வீடு வீடாகத் தீர்மானப் பதிவேடு வரும், "வந்ததுக்கு ஒரு கையெழுத்து" என்பார்கள். மேலே தீர்மானம் எழுதாமல் வெற்றிடம் இருந்தால் போடாதீர்கள். பிறகு அதில் எதையும் எழுதலாம்.

கோரிக்கையை வாயால் சொன்னால் காற்றோடு போகும். எந்தத் தெரு, எத்தனை மீட்டர் வடிகால் என்று எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் ஒப்புகை வாங்குங்கள். தீர்மான எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் காட்டும் படிவம் 30-ஐக் கேளுங்கள் (கூட்டத்தில் அதைப் பதாகையாக வைத்தால் எழுத்து பொடியாக இருக்கும், போட்டோ எடுப்பது நல்லது). தீர்மான நகல் தர மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். நெடுஞ்சாலை, டாஸ்மாக் போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அங்கே தீர்மானம் பரிந்துரை மட்டுமே, நகலைத் துறைக்குத் தனியாக அனுப்புங்கள்.