காலேஜ் பேர் முக்கியமில்லையாம்

நேத்து நம்ம டெல்லி மயூர் விஹார் க்ரூப்ல நடந்தத பாத்தவங்களுக்குத் தெரியும், முழுசா திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல. நம்ம டிடிஇஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, எம்பிஏ படிக்க அகமதாபாத் ஐஐஎம்ல சீட் வாங்கியிருக்கா, அவங்கப்பா கெஸ்ட் ஹவுஸ்ல சமையல் வேலை பாக்கறவர், எஜுகேஷன் லோன் பத்தி யாருக்காவது விவரம் தெரியுமான்னு கேட்டார். கேட்டது அவ்வளவுதான். க்ரூப்ல இருக்கற ஒரு அங்கிள்கிட்ட இருந்து வந்த பதில், "விரலுக்கேத்த வீக்கம் வேணும் தம்பி, காலேஜ் பேர்ல என்ன இருக்கு, திறமை இருந்தா எங்க படிச்சாலும் முன்னுக்கு வரலாம்." அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பி இமோஜி.

அங்கிள், உங்க பையன் ஐஐடி டெல்லி. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ராஜஸ்தான்ல கோட்டாங்கற ஊர்ல கோச்சிங். பேர்ல ஒண்ணும் இல்லன்னா அவன எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்புனீங்க? பக்கத்துல இருக்கற காலேஜ்ல சேத்திருக்கலாமே. காலேஜ் பேர் முக்கியமில்லன்னு சொல்றவங்க எல்லாரும் அந்தப் பேர ஏற்கனவே கைல வச்சிருக்கறவங்களாத்தான் இருக்காங்க, நான் வேற மாதிரி ஒருத்தரப் பாத்ததே இல்ல.

அப்புறம் அமெரிக்க ஆராய்ச்சின்னு ஒண்ண ஃபார்வர்ட் பண்ணீங்க. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ரெண்டு பேரும் 2002ல வெளியிட்டது. ஒரே தகுதி உள்ள பசங்கள எடுத்துப் பாத்தா பெரிய காலேஜ் போனவனுக்கும் போகாதவனுக்கும் பின்னாடி சம்பளத்துல பெரிய வித்தியாசம் இல்லன்னு அதுல இருக்கு, சரிதான். ஆனா அதே கட்டுரைல, வசதி இல்லாத வீட்டுப் பசங்களுக்கு மட்டும் பெரிய காலேஜ் நல்லாவே பலன் குடுத்துதுன்னும் எழுதியிருக்காங்க. அத விட்டுட்டீங்க. உங்க பையன் எங்க படிச்சிருந்தாலும் கை தூக்கி விட உங்க சர்வீஸ்ல பழகின ஆளுங்க இருந்தாங்க, சமையல்காரர் பொண்ணுக்கு அந்த ஆளுங்களே அந்த காலேஜ்லதான் கிடைப்பாங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. 2006ல எனக்கும் ஒரு பெரிய பிசினஸ் ஸ்கூல்ல இடம் கிடைச்சுது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், அப்பா அசிஸ்டென்ட். லோனுக்கு அவர் சேந்து கையெழுத்துப் போடணும். மலை மந்திர்ல தரிசனம் முடிச்சு வெளிய வந்தப்போ ஒரு பெரியவர் அப்பாவ ஓரமா கூட்டிட்டுப் போய், "பொண்ணுதானே, இவ்வளவு கடன் எதுக்கு"ன்னார். அப்பா போடல. நான் கரெஸ்பாண்டன்ஸ்ல எம்பிஏ முடிச்சேன், வேலை கிடைச்சுது, நல்லாவும் செஞ்சேன், ஆனா எங்க ஆபீஸ்ல மேல ஒரு போஸ்ட் காலியானப்போ "பிரீமியர் இன்ஸ்டிட்யூட் மட்டும்"னு ஒரே வரில என்னக் கழிச்சுட்டாங்க. நான் வேலை சொல்லிக் குடுத்த பையன் அந்த சீட்ல வந்து உக்காந்தான். திறமை திறமைங்கறீங்களே, அந்த ஒரு வரிகிட்ட போய்ச் சொல்லுங்க.

அதே வீட்ல என் கல்யாணத்துக்கு அப்பா பி.எஃப்ல இருந்து பணம் எடுத்தார். ஒருத்தர் கூட விரல் வீக்கம்னு பேசல. வந்து சாப்ட்டுட்டுப் போனாங்க.

லோன் கட்ட முடியாம எத்தன பேர் தவிக்கறாங்க தெரியுமான்னு கேக்கறவங்களுக்கு: தெரியும். 25 லட்சம், 9% வட்டி, பத்து வருஷம்னா மாசம் 31 ஆயிரத்துக்கு மேல, படிக்கற காலத்து வட்டி தனி. பயமாத்தான் இருக்கும். ஊர் பேர் தெரியாத யூனிவர்சிட்டில இருபது லட்சம் கட்டறேன்னு யாராவது வந்தா நானே வேண்டாம்பேன். ஆனா இது அது இல்ல. 2024 நவம்பர்ல வந்த பிஎம் வித்யாலட்சுமிங்கற மத்திய அரசு கல்விக் கடன் திட்டத்துல அடமானம், ஜாமீன் எதுவும் வேண்டாம், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள்ள இருந்தா பத்து லட்சம் வரைக்கும் கடனுக்குப் படிக்கற காலத்துல 3% வட்டி மானியம். ஐஐஎம்லயே வருமானம் பாத்துக் குடுக்கற ஸ்காலர்ஷிப் இருக்கு. இதுல ஒண்ணச் சொல்லியிருந்தா அந்த மனுஷனுக்கு உதவியா இருந்திருக்கும்.

ஃபீஸ் அநியாயம்னா அத ஃபீஸ் வாங்கறவங்ககிட்ட கேளுங்க. அகமதாபாத்ல 2008ல 11.5 லட்சம் ஆக்கினாங்க, இப்போ அதுக்கு ரெண்டு மடங்கையும் தாண்டி நிக்குது, 2017 ஐஐஎம் சட்டத்துக்கு அப்புறம் ஃபீஸ் வைக்கறது அவங்க இஷ்டம். அப்போல்லாம் வாய் தொறக்காத க்ரூப் நேத்து ஒரு சமையல்காரரப் பாத்து மட்டும் பேசுது. ஐஐடில படிச்சவனுக்கே வேலை இல்லன்னு இங்க யாராவது கமெண்ட் போடுவீங்க, போடுங்க, அதே கமெண்ட்ட உங்க பிள்ளை ஜேஇஇ எழுதறப்பவும் போடணும்.

அந்த சமையல்கார அண்ணன் நேத்து ராத்திரியே க்ரூப்ல இருந்து வெளிய போயிட்டார். அங்கிள், அந்த மெசேஜ எடுத்துட்டு அவருக்கு ஃபோன் பண்ணி மன்னிப்பு கேளுங்க, நான் நம்பர் தரேன். மத்தவங்க யாராவது வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணியிருந்தா, எந்தெந்த சர்டிஃபிகேட்ல இழுத்தடிச்சாங்கன்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஃபீஸ்ல முதல் தவணை கட்டற தேதி நெருங்குது, அவருக்கு வருமானச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரல.