சதம் அடிக்காத வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் தொலைக்காட்சிச் செய்திகளில் ஓர் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. வேலூர் சதம், ஈரோடு சதம், கரூர் பரமத்தி சதம், திருத்தணி சதம் என்று, 100 பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பெயர்களைக் கிரிக்கெட் ஸ்கோரைப் போல மாலைதோறும் வாசிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பாம்பன் வருவது அரிது. வராத காரணத்தினாலேயே, இராமநாதபுரம் கடற்கரையில் கோடை என்று ஒன்று இருப்பதாகவே மற்ற ஊர்க்காரர்களுக்குத் தோன்றுவதில்லை.

மதுரையிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொல்கிறார்கள்: "உங்களுக்கென்ன மாப்ள, கடக்காத்து வீசும், ஜம்முனு இருப்பீங்க." கடற்காற்று வீசுவது உண்மைதான். அது எத்தனை மணிக்கு வருகிறது, வரும்போது எதைச் சுமந்து வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கும் நாட்களில், காய்ந்த நிலத்தின் மேல் தவழ்ந்து வரும் அந்த அனல், கடற்காற்றைக் கரையேற விடாமல் பிற்பகல் வரை தடுத்து நிறுத்திவிடுகிறது. அதன்பின் வந்து சேரும் காற்றும், குறிப்பாகப் பாக் விரிகுடாவைப் பார்த்திருக்கும் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில், ஆழமில்லாமல் சீக்கிரம் சூடேறிக் கிடக்கும் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டுதான் வருகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளே 2010இலும் 2016இலும் கடற்சூடு தாங்காமல் வெளிறிப்போயின. அப்படிப்பட்ட கடலின் மேலிருந்து வரும் காற்றைத்தான் எங்களுக்குக் கிடைத்த வரம் என்கிறார்கள்.

மனித உடல் வெயிலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் முதன்மையான வழி வியர்வை. வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். வேலூரின் 41 டிகிரி செல்சியஸில் அது ஆவியாகிறது. அங்கேயும் ஆபத்து உண்டு, அங்கேயும் மனிதர்கள் சுருண்டு விழுகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கரையில் 34 டிகிரியில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கிறது, காய்வதில்லை. காலையில் துவைத்துக் கொடியில் போட்ட துண்டு உச்சிவெயிலிலும் நசநசவென்று இருக்கிறது, சமையலறையில் உப்புச்சாடி நீர்விடுகிறது, தீப்பெட்டி நமத்துப்போகிறது. காற்றில் இவ்வளவு ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது உடம்பின் ஈரம் எங்கே போய்ச் சேரும்? 34 டிகிரி வெப்பத்தோடு 65 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால், வெப்பக் குறியீட்டுக் கணக்கின்படி உடல் உணர்வது ஏறத்தாழ 44 டிகிரி. அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. வெயிலில் நிற்பவரைப் பற்றி அந்தக் கணக்கு பேசுவதே இல்லை.

சரி, செய்தியாளர்கள் போகட்டும், அரசின் அளவுகோல் என்ன சொல்கிறது என்று பார்த்தால் ஆத்திரம் இன்னும் ஏறுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோர நிலையம் ஒன்றில் வெப்ப அலை என்று சொல்ல வேண்டுமானால், வெப்பநிலை 37 டிகிரியை எட்ட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். நாற்புறமும் கடல் சூழ்ந்த பாம்பன் தீவில் பாதரசம் அப்படி ஒரேயடியாகத் துள்ளிக் குதிக்காது. கடல் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே எங்கள் புழுக்கம் இயல்பான புழுக்கம் ஆகிவிடுகிறது. அறிக்கையின் கடைசியில், அதிக வெப்பமும் ஈரப்பதமும் சேர்வதால் அசௌகரியம் ஏற்படலாம் என்று ஒரு வரி வந்தால் உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. நல்ல அறிவிப்புதான். ஆனால் அலையே அடிக்காத ஊர் என்று காகிதத்தில் எழுதப்பட்ட இடத்தில் ஓர் உப்பளத் தொழிலாளி மயங்கி விழுந்து இறந்தால், அவருடைய சாவு எந்தக் கணக்கில் எழுதப்படும்?

இரவைப் பற்றிய விதி இதைவிட விசித்திரமானது. ஓர் இரவை வெப்ப இரவு என்று கணக்கில் எடுக்க வேண்டுமானால், அன்றைய பகல் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். மே மாதத்தில் எங்கள் கரையில் விடியும் நேரத்தில்கூட 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் சர்வ சாதாரணம். பகல் 40ஐத் தொடாததனால் அவை வெப்ப இரவுகள் அல்லவாம். ஓலைக்குடிசை போய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஹாலோபிளாக் சுவரும் வந்துவிட்ட வீடுகளில், பகலெல்லாம் சுவர் குடித்த சூடு நள்ளிரவு தாண்டியும் கக்கிக்கொண்டிருக்கும். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்தால் காற்று நின்றுபோகிறது, கொசு வருகிறது. கீழே இறங்கினால் லோ வோல்டேஜில் மின்விசிறியின் இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். ஏ.சி. வாங்கி மாட்டியவர்களின் கதை தனி: உப்புக்காற்று வெளி யூனிட்டை அரித்துத் தின்றுவிடுகிறது, வாங்கிய கடன் அடையும் முன்பே மெக்கானிக் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. இதே மாவட்டத்தின் கமுதியில், 2016இல், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே மிகப் பெரியது என்று அப்போது கொண்டாடினார்கள். மின்சாரம் எடுக்கும்போது எங்கள் வெயில் உலகத்தரம். ஆனால் அந்த வெயிலில் வெந்துகொண்டிருக்கும் எங்களுக்கு இரவு பதினோரு மணிக்கு மின்தடை. புகார் எண்ணில் பேசுபவர், "எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல ஃபேன் போட்டா எப்படி சார்?" என்கிறார். கோடையில் முறை வைத்தா மின்விசிறி போட முடியும்?

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள் என்ற அறிவுரையும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் இறங்க முடியும். கடல் எந்த அறிவுரையையும் கேட்டு வற்றுவதில்லை. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் அந்தப் பழத்தைக் களத்தில் பரப்பி, கிளறி, பொறுக்கிக் காயவைப்பதற்கு வேண்டியதே அந்த உச்சிவெயில்தான். வாலிநோக்கத்தில் உப்பு வாருபவர்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள் என்றாலும், பொழுது ஏற ஏற மேலே ஒரு சூரியனும், வெள்ளை உப்பில் எதிரொளித்துக் கீழிருந்து இன்னொரு சூரியனும் கண்ணைக் குத்துகின்றன. சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கிக் கரிமூட்டம் போடுபவர்களோ இந்த வெயிலில் நெருப்பையும் கூட வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களில் எவருக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடையாது.

கட்சிக்காரர்கள் திறக்கும் நீர்மோர்ப் பந்தலைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முதல் நாள் தர்ப்பூசணி, மாலை, புகைப்படம். மறுவாரம் காலிப் பானை. அவ்வளவுதான்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலிருந்து செய்தியில் வரும் வெப்பநிலை பெரும்பாலும் பாம்பனுடையது, எப்போதாவது தொண்டியுடையது. இரண்டும் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பவை. பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் கரிசல்மண்ணின் மேல் அடிக்கும் வெயில் வேறு. அங்கே வறண்ட அனல், இங்கே ஈரமான புழுக்கம். இரண்டுக்கும் சேர்த்துத் தீவின் ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு, மாவட்டமே சுகமாக இருப்பதாக முடித்துவிடுகிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. தினசரி அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தையும் உடல் உணரும் வெப்பத்தையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் வாசியுங்கள். பகல் 40 இல்லாவிட்டாலும் தூங்கவிடாத இரவை வெப்ப இரவு என்று ஒப்புக்கொள்ளுங்கள். உள்பகுதி ஒன்றியங்களின் அளவையும் செய்தியில் சேருங்கள். உப்பளத்திலும் மிளகாய்க் களத்திலும் ஒரு நிழற்கொட்டகையும் குடிநீரும் கட்டாயமாக்குங்கள். மதுரைச் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மே இரண்டாம் வாரம் பிள்ளைகுட்டிகளோடு வந்து ஓர் இரவு எங்கள் வீட்டில் படுங்கள். மறுநாள் காலையில் கடற்காற்றைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.