பூட்டை நம்ம ப்ரொஃபைலில் போடுங்க

போன முழுப் பரீட்சை லீவுக்கு என் மகன் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் இருந்தான். ஒன்பது வயது. பத்து நாள் கழித்துக் கூட்டிவரப் போனேன். இருட்டிவிட்டால் புறவாசலுக்குப் போக மாட்டேன் என்கிறான். அந்த வீட்டில் கக்கூஸ் புறவாசலில்தான், போகிற வழியில் கிணறு. அதற்கு முந்தின வருடம் அதே கிணற்றுச் சுவரில் எக்கி நின்று உள்ளே கூவி எதிரொலி கேட்டுச் சிரித்தவன். இப்போது தாத்தாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, கிணறு இருக்கிற பக்கம் முகத்தையே திருப்பாமல் நடக்கிறான்.

ராத்திரி தட்டட்டியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "கெணத்துக்குள்ள ஆள் கெடக்கும்லாப்பா" என்றான்.

டிவியில் பார்த்திருக்கிறான். படம் பார்க்கிற ஆப்பில் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வைக்கிற பக்கம்தான் ப்ரொஃபைல். அவன் மாமாவுடைய ப்ரொஃபைலில் ஏதோ ஒரு போலீஸ் கதை. கிணற்றிலிருந்து ஒரு பெண்ணின் பிணத்தைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். முகமெல்லாம் முடி ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் பார்த்தானாம், உடனே அணைத்துவிட்டானாம். ரெண்டு நிமிஷம் இருக்கும். அந்த ரெண்டு நிமிஷத்தைக் கழுவி எடுக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

அந்த டிவியைச் சுவரில் மாட்டியவன் நான். மாமியார் வீட்டு டிவி என்பதற்காகச் சொல்லவில்லை, அதுதான் என் தொழிலே. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வண்ணாரப்பேட்டை, டவுன், பேட்டை, கேடிசி நகர், அந்தப் பக்கம் சேரன்மகாதேவி, அம்பை வரைக்கும் டிவி கொண்டுபோய், சுவரில் துளை போட்டு, மாட்டி, வைஃபை சேர்த்து, ஆப்களைத் திறந்து கொடுத்துவிட்டு வருவேன். அன்றைக்கு மாமியார் வீட்டிலும் அப்படித்தான். என் மகனுக்கென்று ஒரு கிட்ஸ் ப்ரொஃபைல் போட்டு, அவனுக்குப் பிடித்த பொம்மை முகத்தையும் வைத்துக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஆப்பைத் திறந்ததும் யார் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டு, முகங்களை வரிசையாகக் காட்டும். பொம்மை முகம் என் மகன். அதற்கு அடுத்த முகம் மாமா. ரிமோட்டில் வலது பக்கம் ஒரே ஒரு அழுத்து, அவ்வளவுதான் தூரம். பிள்ளை வாசலுக்குக் கதவு வைத்த நான், பக்கத்திலேயே பெரியவர்கள் வாசலைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து மாட்டப் போகிற வீடுகளில் எல்லாம் கவனித்துப் பார்க்கிறேன். முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். "பிள்ளைக்குத் தனியா ஒண்ணு வச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி" என்பார்கள். தங்களுடைய ப்ரொஃபைலுக்குப் பின் (PIN), அதாவது திறக்கக் கேட்கிற ரகசிய எண், போடச் சொல்லி ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் சொன்னால்தான், "எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள்.

உங்களுக்குத்தான் வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நெட்ஃபிளிக்ஸில் ஒரு கணக்கில் ஐந்து ப்ரொஃபைல் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நாலு இலக்கப் பின் போடலாம். ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ கணக்குப் பக்கத்துக்குள் போய், பாஸ்வேர்ட் கொடுத்துச் செய்ய வேண்டும். அதே இடத்தில் புது ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் கேட்கும்படி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் எட்டு வயசுப் பிள்ளை புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதற்குள் போய்விடும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு ப்ரொஃபைலில் எந்த வயது வரைக்குமான படங்கள் வரலாம் என்று வரம்பு வைக்கலாம், வரவே கூடாத படத்தைப் பெயர் சொல்லித் தடுக்கவும் செய்யலாம். பிரைம் வீடியோவில் பின் ஐந்து இலக்கம். அங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அங்கே போடுகிற வயதுக் கட்டுப்பாடு நீங்கள் தேர்ந்தெடுத்த சாதனங்களில்தான் வேலை செய்யும். ஃபோனில் போட்டுவிட்டு, டிவியிலும் இருக்கும் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். புது டிவி வாங்கினால் மறுபடி போய்ப் பாருங்கள். ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது. அதிலும் கிட்ஸ் ப்ரொஃபைலும், பெற்றோர் போடுகிற பூட்டான பேரண்டல் லாக்கும் உண்டு.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கிற சித்தப்பா கணக்கில் இங்கே பார்க்கிற வீடுகள் நிறைய. பாஸ்வேர்டு அவர் கையில், பிள்ளைகள் நம் வீட்டில். ஒரு ஃபோன் போட்டு, அவரை வைத்துக்கொண்டே பூட்டைப் போட்டுவிட வேண்டியதுதான்.

நம் சின்ன வயதில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். 'ஏ' படத்துக்குப் போனால் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற அண்ணாச்சி முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார். டிவியில் 'ஏ' சான்றிதழ் படத்தை அப்படியே போட முடியாது, வெட்டி, வேறு சான்றிதழ் வாங்கித்தான் போட வேண்டும். அதாவது, நமக்குப் பதிலாக எங்கோ ஒருவர் வாசலில் நின்றார். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இணையம் வழியாகப் படம் காட்டுகிற ஓடிடிக்கு அப்படி முன்கூட்டியே சென்சார் கிடையாது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, அந்த நிறுவனங்களே தங்கள் படங்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 13+ தொடங்கி மேலே உள்ளதற்கெல்லாம் பேரண்டல் லாக் வசதி கொடுத்தாக வேண்டும். படம் தொடங்கும்போது மூலையில் வயதும், வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணமும் வருகிறதே, அதையும் காட்டச் சொல்வது இந்த விதிதான். ஆனால் வசதி கொடுப்பது மட்டும்தான் அவர்கள் பாடு. அதைத் திருகிப் பூட்டுவது நம் பாடு. வாசலில் நின்ற அந்த அண்ணாச்சி இப்போது நாம்தான்.

இன்னொன்று, வயசாளிகள் இருக்கிற வீடு. நம்ம ஊரில் பாதி வீட்டில் டிவியை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் பேரன்தான். "எய்யா, அந்த நாடகத்தப் போட்டுக் குடுய்யா, கண்ணு தெரிய மாட்டேங்குது" என்று ஆச்சி கேட்பாள். அவன்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆச்சிக்கும் பின் வைத்தால், அதைப் பேரனிடம்தான் சொல்லி வைப்பாள். எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது. ஆச்சிக்கு மறந்துபோகக் கூடாது என்று கதவு எண்ணையே பின்னாக வைத்திருந்தோம். ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டான். அதனால் இப்போது ஆச்சிக்குத் தனி ப்ரொஃபைல், பின் கிடையாது, வரம்பு 13+. அவள் பார்க்கிற நாடகத்துக்கும் சாமி படத்துக்கும் அது தாராளம். மாமாவுடையதற்கும் எங்களுடையதற்கும் மட்டும் பின்.

அந்தப் பின்னையும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அடிக்காதீர்கள். திரையில் எண்கள் வரிசையாகத் தெரியும். நாம் ரிமோட்டால் ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி நகர்த்தி அழுத்துவோம். எங்கே நிற்கிறது என்பதைத் தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறவன் அழகாகப் படித்துவிடுவான். "கொஞ்சம் தண்ணி கொண்டு வாய்யா" என்று அனுப்பிவிட்டு அடியுங்கள்.

இவ்வளவையும் செய்தாலும் யூடியூப் இருக்கிறது. எனக்கு ரொம்ப மனக்கஷ்டம் தருவது அதுதான். வெளிநாட்டுக் கொலைப் படங்களை எடுத்து, காட்சிகளை ஓடவிட்டு, தமிழில் கதை சொல்கிற வீடியோக்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன. குரல் சாதாரணமாக, தாத்தா கதை சொல்கிற மாதிரி இருக்கும். திரையில் ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தை அறுத்துக்கொண்டிருப்பான். அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குக் குரல் மட்டும்தான் கேட்கும். ஏதோ கதை கேட்கிறான் என்று இருந்துவிடுவாள். மூலையில் வயது எண்ணும் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸைத் தனியாக இறக்கிக் கொடுங்கள். அதில் நாலு வயது வரை, ஐந்திலிருந்து எட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று மூன்று பிரிவு உண்டு. நாம் பார்த்து அனுமதித்த வீடியோ மட்டும் வரும்படியும் வைக்கலாம். பெரிய யூடியூபில் பெரியவர்களுக்கான வீடியோக்களை வடிகட்டுகிற ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று ஒன்று இருக்கிறது, அதை டிவிக்குத் தனி, ஃபோனுக்குத் தனி என்று ஒவ்வொன்றிலும் போட வேண்டும். அதையும் தாண்டிச் சிலது வரும். அதனால் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், நடுநடுவே வந்து திரையைப் பாருங்கள்.

"இதெல்லாம் பாத்துத்தான் வளரணும், பொத்திப் பொத்தி வச்சா எப்படி?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் அப்பாக்கள். நாமெல்லாம் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர்கள். நம்மை யாரும் ஆற்றுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. படித்துறையில் கூட்டிப்போய் நிறுத்தி, "இந்தக் கல்லு வரைக்கும்தான், அந்தால கசம் கெடக்கு" என்று கையை நீட்டிக் காட்டினார்கள். நீச்சல் வந்த பிறகு அந்தக் கல்லைத் தாண்ட விட்டார்கள். கசம், அதாவது ஆளை முழுக்கிவிடும் ஆழம், இருக்கிறதையே சொல்லாமல் இறக்கிவிட்டால் அதற்குப் பெயர் வளர்ப்பா?

அதனால்தான் பூட்டைப் பிள்ளைக்குத் தெரியாமல் போடாதீர்கள் என்றும் சொல்கிறேன். டவுனில் ஒரு வீட்டில், பத்தாவது படிக்கிற மகளுக்குத் தெரியாமல் அவள் என்ன பார்த்தாள் என்று எடுத்துக் காட்டச் சொன்னார் ஒருவர். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு 16+ வரை திறந்து கொடுங்கள், திறந்ததை அவளிடமே சொல்லுங்கள், மேலே ஏதாவது பார்க்க ஆசைப்பட்டால் வந்து கேட்கச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் கோபப்பட்டார். மறுநாள் ஃபோன் பண்ணி, வரம்பை எங்கே மாற்றுவது என்று கேட்டார்.

என் மகனிடமும் சொல்லித்தான் போட்டேன். ஏன் என்று கேட்டான். அந்தக் கிணற்று விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "எனக்கு எப்பப்பா 13+ தருவ?" என்றான். ஏழாம் வகுப்பு போனதும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றுவோம் என்று சொல்லியிருக்கிறேன். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறான்.

இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் உள்பெட்டியில் டிவி என்ன கம்பெனி, என்ன மாடல் என்று அனுப்புங்கள். பாளை, டவுன் பக்கம் என்றால் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்கே வந்து போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.