பச்சை வாளியில டயப்பர்

எங்க அப்பார்ட்மென்ட் குரூப்புல ஆரம்பிச்சு, ஏரியா குரூப்புக்குப் போய், இப்ப ஃபேஸ்புக் வரைக்கும் வந்துட்ட அந்த வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. பேட்டரி வண்டியில குப்பை எடுக்க வர்ற அக்கா, ஒரு வீட்டுக் குப்பை வாளியை எடுக்காம கேட் ஓரமாவே வெச்சுட்டுப் போறாங்க. இருபது செகண்ட். "சம்பளம் வாங்கிட்டுத் திமிரைப் பாருங்க"ன்னு தலைப்பு. கீழ ஒரே கைதட்டல்.

வீடியோவுல வராத முன்பாதியை நான் பாத்தேன். பால் வாங்கிட்டு வந்துட்டு இருந்தேன். பச்சை வாளி, மக்கற குப்பைக்கு மட்டும். மேல வாழைப்பழத் தோலு, அதுக்குக் கீழ மிச்ச சாம்பாரோட ஒரு கவர், அதுக்கும் கீழ டயப்பர், அடியில ஒடஞ்ச ட்யூப்லைட். ஒரு பேப்பர் கூடச் சுத்தல. "மூணு நாளா சொல்றேம்மா, பிரிச்சுக் குடுங்க"ன்னாங்க அக்கா. "அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்"னு பதில் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் செல்லு வெளிய வந்துச்சு.

இல்லைங்க. சம்பளம் அதுக்கில்ல. பிரிக்க வேண்டியது குப்பை போடுற நாம. 2016 திடக்கழிவு மேலாண்மை விதியும் இதைத்தான் சொல்லுச்சு, அதுக்குப் பதிலா வந்த 2026 விதியும் இதைத்தான் சொல்லுது. மக்கறது தனி, மக்காதது தனி, ட்யூப்லைட் பேட்டரி மாதிரி ஆபத்தானது தனி. டயப்பர், நாப்கின் எல்லாம் சுத்திக் கட்டணும், புது விதிப்படி அதுவும் தனி. இதுக்கு டிகிரி வேணாம், ரெண்டு வாளியும் ரெண்டு பையும் போதும். ஆன்லைன்ல பத்து ரூபா கூப்பனைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியுது, வெங்காயத் தோலையும் பால் கவரையும் வேற வேற இடத்துல போடத் தெரியலையாம்.

"பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" தெரியும், இந்த கமெண்ட் வரும். நானும் ஒரு தடவை கண்ணால பாத்திருக்கேன். வயிறு எரிஞ்சுது, புகாரும் குடுத்தேன். ஆனா ஒரு விஷயம். பத்து வீட்டுல ஒன்பது வீடு கலந்து குடுத்தா, பத்தாவது வீட்டுக்குன்னு அவங்க தனி வண்டியா கொண்டு வர முடியும்? "வரி கட்டுறோம்"னு சொல்றவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. நானும் கட்டுறேன், அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு ஒரு தோழி இன்பாக்ஸ்ல கேட்டா. சொல்லிடறேன்.

நான் கொடுங்கையூர்ல வளந்தவ. வடசென்னையில, ஊர்க் குப்பையைக் கொட்டற மேடு இருக்கற இடம். குப்பைமேடு பத்திக்கிட்டா அம்மா மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை அள்ளிட்டு வருவாங்க. அள்ளின துணியிலயும் கரிஞ்ச வாசம் இருக்கும். அந்த யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனேன். பக்கத்துல உக்காந்த பொண்ணு ஒருநாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நகந்து உக்காந்தா. காலேஜ்ல வீடு எங்கன்னு கேட்டா பெரம்பூர்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவேன்.

கல்யாணம் ஆகி அண்ணாநகர் பக்கம் வந்ததும் தப்பிச்சோம்னு நெனச்சேன். அண்ணாநகர் மண்டலத்துக் குப்பை எங்க போகுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதே கொடுங்கையூருக்கு! தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, வடக்குப் பக்கத்துது அங்க. நான் இங்க கறுப்புக் கவர்ல கட்டிப் போட்டதெல்லாம் எங்க அம்மா வீட்டுப் பக்கம்தான் போய் இறங்கியிருக்கு. ஆமா, நானும் கலந்துதான் போட்டேன், வருஷக்கணக்கா. யோக்கியம் பேசறேன்னு யாரும் கண்டுபிடிக்க வேணாம், நானே சொல்லிட்டேன்.

அங்க போனா என்ன ஆகும்? நம்ம குப்பையில பாதிக்குப் பக்கம் ஈரக் குப்பை. தனியா குடுத்தா உரம். காத்து போகாத மேட்டுக்கு அடியில புதைஞ்சா மீத்தேன். வெயில் காலத்துல மேடு பத்திக்கிச்சுன்னா அதை அணைய விடாம வெச்சிருக்கிறது அதுதான். நாம மிச்சம் வெச்ச சாம்பார் சாதம்தான் அங்க எரியுது.

இப்ப பழைய குப்பையைத் தோண்டி எடுத்துச் சலிச்சுப் பிரிக்கறாங்க, பயோமைனிங்னு பேரு, நல்லது. ஆனா புதுக் குப்பைக்கு என்ன வழி? எரிச்சு கரன்ட் எடுக்கற எரிஉலையாம். எங்க? அதே கொடுங்கையூர்ல. இத்தனை வருஷம் நாத்தம், இனி புகையா? 2025 மே மாசம் வடசென்னை ஜனங்க மனிதச் சங்கிலி பிடிச்சு நின்னாங்க. எங்க குரூப்புல அதை ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ணல. 

கேரளாவுல ஆலப்புழை நகரத்துக் கதை தெரியுமா? நகரத்துக் குப்பையைக் கொண்டு போய் பக்கத்துல சர்வோதயபுரம்ங்கற கிராமத்துல கொட்டிக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் அந்த ஊர்க்காரங்க லாரியை மறிச்சுட்டாங்க. நகரம் நாறிப்போச்சு. அப்புறம்தான் 2012 வாக்குல வீட்டுக்கு வீடு குழாய்க்குள்ள குப்பையை மக்க வெச்சு உரம், பயோகேஸ்னு எல்லாம் தானா வந்துச்சு. கழிவில்லா நகரம்னு நாம செமினார் போடறோமே, அங்க அதை ஆரம்பிச்சு வெச்சது சாலையில உக்காந்த கிராமத்து ஜனம். எங்க ஆளுங்களும் அன்னிக்கே குப்பைமேட்டை ஒட்டின எழில் நகர் ரோட்டுல உக்காந்திருக்கணும். ரொம்ப நல்லவங்களா இருந்து தொலைச்சோம்.

"அதுக்காக வாளியைத் தெருவுல வெச்சுட்டுப் போகலாமா?" போகலாம். ஒடஞ்ச ட்யூப்லைட் இருக்கற வாளியில கையை விடணும்னு எந்த விதியும் இல்ல. அந்த அக்கா உள்ளங்கையில பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு. என்னாச்சுன்னு கேட்டேன். "போன வாரம், ஊறுகா பாட்டில்"னு மட்டும் சொன்னாங்க. எந்த வீடுன்னு தெரியுமான்னேன். சிரிச்சாங்க. "கவர்லயே சாப்பாடு ஆர்டர் பண்ண பில்லு இருக்கும்மா, ஃபிளாட் நம்பரோட." நம்பரைச் சொன்னாங்க. வீடியோ எடுத்தவர் நம்பர்தான்.

அதை நான் குரூப்புல போடல. அக்காவும் போட மாட்டாங்க, நாளைக்கும் அதே கேட்டுக்குத்தான் வரணும் அவங்க.

கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க முதல்ல உங்க வீட்டுப் பச்சை வாளியை மூடி தொறந்து ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அப்புறம் பேசலாம்.