பெர்மிற் இல்லாமல் ஓடினால் ரிக்கெற் வரத்தான் செய்யும்

சனிக்கிழமை வீடியோவை இதை வாசிக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள், எனக்கே எத்தனையோ வட்ஸ்அப் குழுக்களில் இருந்து வந்து சேர்ந்தது. அதனால் முழுக்கதையும் திரும்பச் சொல்லவில்லை. ஸ்னோமொபில், அதுதான் பனியில் ஓடுகிற வண்டி, ஓடப் போன எங்கள் பொடியன்களை அதற்கென்று போட்ட பாதையில், ட்ரெயிலில், மறித்தார்கள், அதில் ஓடக் காசு கட்டி எடுக்கிற பெர்மிற்றைக் கேட்டார்கள், அவர்களிடம் இல்லை, ரிக்கெற் எழுதிக் கொடுத்தார்கள். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் போய் "பகல் கொள்ளை", "காட்டுக்குள்ளையும் காசு பறிக்கிறாங்கள்", "எங்கட நிறத்தைப் பார்த்துத்தான் மறிச்சவங்கள்" என்று நேற்று வரைக்கும் கொமென்ற் விழுந்துகொண்டே இருக்கிறது. பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன், ஏனென்றால் யாரும் இதைக் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. அந்தப் பாதை சும்மா கிடந்த காடு இல்லை. ஒன்ராறியோவில் கிட்டத்தட்ட 30,000 கிலோமீற்றருக்கு இந்த ஸ்னோமொபில் ட்ரெயில் இருக்கிறது. வடக்கே அரச காணிதான் அதிகம். தெற்கே, ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் இருந்து நாங்கள் இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓடுகிற பக்கம், பெரும்பாலும் தனியார் காணி. யாரோ ஒரு விவசாயியின் வயல், யாரோ ஒரு குடும்பத்தின் காட்டுத் துண்டு. அவர்கள் விரும்பினால் விடுவார்கள், விரும்பாவிட்டால் அடுத்த நாளே சங்கிலி போட்டுப் பூட்டலாம், ஒருவரும் கேட்க முடியாது. நாங்கள் கட்டுகிற பெர்மிற் காசு, பாதையைச் சீவி நிரவுகிற குறூமர் வண்டிக்கு டீசல், உடைந்த பாலத்துக்குப் பலகை, வளைவுகளில் நடுகிற அடையாளக் கம்பு, காணிக்காரரையும் சேர்த்துக் காக்கிற காப்புறுதி என்று போகிறது. 2001இல் இருந்து சட்டப்படி பெர்மிற் கட்டாயம். நேற்று ராத்திரி யாரோ உட்கார்ந்து யோசித்துக் கொண்டுவந்த சட்டம் இல்லை.

நான் ஒறில்லியா நகருக்கு வடக்கே குடிவந்த பிறகுதான், ட்ரெயிலைப் பராமரிக்கிற ஸ்னோமொபில் கிளப்களின் விஷயங்கள் எல்லாம் எனக்குத் தெரியவந்தது. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடை வைத்திருப்பவர், லொறி ஓட்டுபவர், இப்படியானவர்கள்தான். இலை உதிர்கிற காலத்தில் வாள் எடுத்துக்கொண்டு போய்ப் பாதைக்குக் குறுக்கே விழுந்த மரங்களை வெட்டுவார்கள், சதுப்பு நிலத்துக்கு மேலே பாலம் போடுவார்கள். ஒரு நாள் இரவு குறூமருக்குள் அவர்களோடு ஏறிப் போயிருக்கிறேன். பகலில் ஓடுகிற ஸ்லெட்டுகள், ஸ்னோமொபிலைத்தான் அப்படிச் சொல்வோம், பாதையை மேடும் குழியுமாக்கிவிடும். அதைச் சீவி நிரவி, பின்னால் இழுத்து வருகிற பாரமான சட்டத்தால் அமுக்கிக்கொண்டு, மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் விடியும்வரைக்கும் ஊர வேண்டும். ஏன் இரவில் என்றால், சீவிய பனி இறுகுவதற்குக் குளிரும் வேண்டும், சில மணி நேரம் யாரும் அதன்மேல் ஏறாமலும் இருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரமெல்லாம் உறைந்து போய், முன்னால் விளக்கு வெளிச்சம் விழுகிற துண்டு மட்டும்தான் தெரியும். ஓட்டியவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். தேர்மோஸில் கோப்பி, பக்கத்தில் வெட்டி வைத்த சான்ட்விச், முழங்காலில் வலி என்று காலை அடிக்கடி நீட்டி நீட்டி மடக்கினார். காலையில் ஒன்பது மணிக்கு நாங்கள் போய் ஏறி "ஆகா, கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு" என்று வீடியோ எடுக்கிறோமே, அந்த மனிதரின் தூங்காத இரவு அது.

அதற்குக் காசு கட்டாமல் ஓடுவதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

சரி, "தெரியாமல் போய்விட்டார்கள், சின்னப் பொடியன்கள்" என்கிறீர்கள். வீடியோவை இன்னொருதரம் பாருங்கள். முன் கண்ணாடியில் போன வருட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. போன வருடம் தெரிந்தது இந்த வருடம் மறந்துபோகுமா? பெர்மிற் அந்தந்த வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை, அதனால் "அண்ணாவிட்ட இருக்கு" என்கிற கதையும் எடுபடாது. முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு, இரண்டு மூன்று நாள் மட்டும் ஓடுகிறவர்களுக்குக் குறுகிய காலப் பெர்மிற்றும் உண்டு, ஃபோனிலேயே வாங்கலாம். புது ஹெல்மெற், புது ஜக்கெற், இழுத்துக்கொண்டு போக பிக்கப், இத்தனைக்கும் காசு இருந்தது. பெர்மிற்றுக்கு மட்டும் இல்லையாம்.

"காசு கட்டினோம், பனியே விழவில்லை, திருப்பித் தந்தார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2023-24 குளிர்காலத்தைச் சொல்கிறார். கனடாவில் பதிவானதிலேயே மிகவும் சூடான குளிர்காலம் அது, தெற்கே பல இடங்களில் ட்ரெயில் ஒழுங்காகத் திறக்கவே இல்லை, எனக்கும் வயிறு எரிந்ததுதான். ஆனால் பனி விழாத வருடத்திலும் குறூமருக்குத் தவணை கட்ட வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும், பாலம் உளுத்தால் மாற்ற வேண்டும். அந்த ஏமாற்றம் இந்த வருடம் சும்மா ஓடுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அவ்வளவுதான் அதற்குப் பதில்.

அடுத்தது நிறம். இதை எழுதக் கை நடுங்குகிறது, கோபத்தில். இந்த நாட்டில் நிறம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைத்தளத்தில், வாடகைக்கு வீடு தேடும்போது, எல்லாம் நான் அனுபவித்தவன். அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் எடுத்து வீசாதீர்கள், உண்மையாக நடக்கிற நாளில் நம்ப ஆள் இருக்காது. சனிக்கிழமை அந்தச் சந்தியில் வருகிற எல்லா ஸ்லெட்டையும் மறித்தார்கள். வீடியோவிலேயே பின்னால் வரிசையாக நிற்கிறார்கள், தெரிகிறதுதானே? மறித்தவர்களில் பொலிஸ்காரர் ஒருவர், மற்றவர்கள் ட்ரெயில் ரோந்துத் தொண்டர்கள். 1990களில் வட ஒன்ராறியோவில் சட்பரிப் பக்கம் ட்ரெயிலில் சனம் விழுந்து செத்துக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கிய அமைப்பு அது. பயிற்சி எடுத்து, ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரின் கீழ் அதிகாரம் பெற்று, சம்பளமே இல்லாமல் சனி ஞாயிறு குளிரில் நிற்கிறவர்கள். பெர்மிற் மட்டுமா பார்க்கிறார்கள்? பதிவு, காப்புறுதி, குடித்திருக்கிறார்களா, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டினார்களா, எல்லாம் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை வளைவில் வரும்போது எதிரே குடித்துவிட்டு ஒருவன் நூறில் வந்தால், அந்தத் தொண்டரைத்தான் "எங்கே போனாய்" என்று கேட்பீர்கள்.

காணிக்காரர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் இதுதான் எல்லாவற்றுக்கும் அடி. சில வருடங்களுக்கு முன், எங்கள் பக்கத்தில் ஒரு விவசாயி தன் வயலின் ஓரத்தால் ட்ரெயில் போக விட்டிருந்தார். வாடகை வாங்கியதில்லை, ஒவ்வொரு வருடமும் கிளப்காரர் போய்க் கதைத்து, கை கொடுத்துவிட்டு வருவார்கள். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை பனிக்கு அடியில் கிடக்கும், அதற்கு மேலே ஸ்லெட் ஓடினால் பனி இறுகி ஐஸாகிப் பயிர் செத்துப்போகும், அதனால்தான் ஓரம். ஒரு சனிக்கிழமை யாரோ நாலைந்து பேர் அடையாளக் கம்பைத் தாண்டி நடு வயலில் வட்டம் வட்டமாக ஓடி விளையாடிவிட்டுப் போனார்கள். பெர்மிற் இருந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்றைக்கு அங்கே மறிக்க ஆள் இல்லை. அடுத்த கிழமை நான் கிளப் தலைவரோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. குசினி மேசையில் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, யன்னலால் வயலைக் காட்டி, "இனி வேண்டாம்" என்றார். எங்கள் அப்பாவின் வெங்காயப் பாத்தியில் தண்ணீர் கட்டியிருக்கும்போது ஒருவன் செருப்போடு குறுக்கே நடந்து போனால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்குமோ, அதே முகம். நான் என்ன சொல்ல? அந்த ஒரு காணி மூடியதால் இரண்டு பக்கமும் ட்ரெயில் அறுந்தது. சுற்றிக்கொண்டு போக வேறு வழி தேடி, வேறு இரண்டு வீட்டுக் கதவைத் தட்டி, புதிதாகப் பாலம் போட்டு முடிக்க அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது.

பெர்மிற் இல்லாமல் ஓடுகிறவர்கள் எல்லோரும் வயலுக்குள் பாய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாகக் கொமென்றில் எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியைத் திரும்ப வாசியுங்கள். ஆனால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால் எல்லாம் தளர்ந்துவிடும். கேட்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் காணிக்காரர் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். சட்டத்திலும் நியாயமான விலக்குகள் இருக்கின்றன. வடக்கே அரச காணியில் பொறி வைத்துப் பிழைக்கிறவர்கள், மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் போகிறவர்கள் போன்றோருக்கு அந்த விலக்கு உண்டு. கொட்டேஜ் வாடகைக்கு எடுத்து வார இறுதிக்கு உல்லாசம் போகிறவர்களுக்கு இல்லை.

இன்னொன்று, இதைச் சொன்னால் இன்னும் திட்டு விழும். தண்டம் கூடவில்லை, போதாது. இந்தச் சட்டத்தின் கீழ் தண்டம் குறைந்தது 200 டொலர், கூடியது 1,000. டிசெம்பருக்குப் பிறகு வாங்கும் முழுப் பருவப் பெர்மிற்றின் விலை அந்த 200ஐ விடக் கூட! அப்படியென்றால் கணக்குத் தெரிந்தவன் என்ன செய்வான்? பிடிபட்டால் பார்ப்போம் என்று ஓடுவான். ஓடுகிறார்கள். நேர்மையாக நவம்பரிலேயே வாங்கி ஒட்டியவனைப் பார்த்து "நீ ஒரு மொக்கன்" என்று சிரிக்கிறார்கள். எனக்கு முன்னாலேயே சிரித்திருக்கிறார்கள், எங்கள் ஆட்கள்தான், ஒரு பிறந்தநாள் விழாவில், நான் கட்டியதைச் சொன்னதும் மேசையே சிரித்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கிறார்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போன பிள்ளை. தம்பி, நான் யாருக்கும் வால்பிடிக்கவில்லை. இங்கே வந்து இத்தனை வருடமாக "உங்கட ஆக்கள்" என்று யாராவது வாயெடுத்தால் பதில் சொல்லி ஓய்ந்தவன் நான். கிளப் கூட்டத்தில் எனக்கு முன்னாலேயே ஒருவர் "ரொறொன்ரோவில இருந்து வாறவங்கள் பெர்மிற் எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ரொறொன்ரோ என்றால் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழும்பி நின்று, என் ஸ்லெட்டில் ஸ்டிக்கர் இருக்கிறது, வெளியே போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். அடுத்த கூட்டத்தில் சனிக்கிழமை வீடியோவைப் போட்டுக் காட்டினால் நான் என்ன சொல்வது? அதை யோசித்தீர்களா, கொமென்ற் போட்டவர்களே?

குறைந்தபட்சத் தண்டத்தை 500 டொலராக்கச் சொல்லி எங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினருக்கு நேற்று எழுதி அனுப்பிவிட்டேன். அதன் பிரதியை நாளைக்கு இங்கேயே போடுகிறேன். கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் வையுங்கள், என்னை நட்பில் இருந்து நீக்க விரும்புகிறவர்கள் நீக்குங்கள். கடிதத்தை நான் திருப்பி எடுக்கப் போவதில்லை.